பிடியரிசியில் ஒரு கஞ்சி ஊழியம்: பெரிய ஆஸ்பத்திரியில் வாரம் ஒரு மாலை

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையை ஊரில் யாரும் முழுப் பெயரில் சொல்வதில்லை. பெரிய ஆஸ்பத்திரி என்றால் போதும், ஆட்டோக்காரர் கோரிப்பாளையம் பக்கம் திரும்பிவிடுவார். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, மானாமதுரை, பரமக்குடி, கமுதி, நத்தம் என்று சுற்றிலும் உள்ள ஊர்களிலிருந்து நோயாளியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் வந்து சேரும் இடம் அது. வார்டில் படுத்திருப்பவருக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடு உண்டு. கூட இருந்து பார்த்துக்கொள்கிற மனைவிக்கும் மகனுக்கும் அது கிடையாது. ஒரு வாரம் தங்க நேர்ந்தால் கையில் இருக்கும் காசு மருந்துக்கும் பஸ்ஸுக்கும் போக, அவர்கள் முதலில் குறைப்பது தங்கள் ராத்திரிச் சாப்பாட்டைத்தான்.

"குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் வாழ்த்தி அனுப்பிவிட்டு, உடம்புக்கு வேண்டியதைக் கொடுக்காமல் விட்டால் என்ன பலன் என்று யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் கேட்கிறது. ஆலயத்தில் இதைப் பலமுறை கேட்டுவிட்டு, "சரி, நாங்கள் என்ன செய்யட்டும்?" என்று நிற்கும் சிறு குழுக்களுக்காக இந்த வழிகாட்டி. சி.எஸ்.ஐ. சபையின் பெண்கள் ஐக்கியமோ, கத்தோலிக்கப் பங்கில் பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் கூடும் ஓர் அன்பியமோ, வாலிபர் கூட்டமோ, 12 குடும்பங்கள் சேர்ந்தால் போதும். செய்யப்போவது வாரத்தில் ஒரே ஒரு மாலை, 60 பேருக்குக் கஞ்சி. கஞ்சி கொடுத்த பிறகு வார்டில் அரை மணி நேரம் விசாரிப்பு. இதைவிடப் பெரிதாக ஆரம்பித்த குழுக்கள் பெரும்பாலும் நான்காம் மாதத்தில் நின்றுபோகின்றன. பிரியாணிப் பொட்டலம் 300 கொடுத்த குழு அடுத்த வாரம் வராவிட்டால், அதை நம்பிக் காத்திருந்தவர் பட்டினி கிடப்பார். சிறியதாக, தவறாமல் என்பதுதான் இந்த ஊழியத்துக்கு முதல் விதி.

அடுப்பு பற்றவைக்கும் முன் மூன்று வாரம்

முதல் மூன்று வாரம் உணவே கொண்டுபோக வேண்டாம். இரண்டிரண்டு பேராக, மாலை 5 மணி முதல் 8 மணி வரை ஆஸ்பத்திரி வாசலிலும் வளாகத்திலும் நின்று பாருங்கள். ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: கூட இருப்பவர்கள் எத்தனை மணிக்கு வெளியே வருகிறார்கள், எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், குடிநீர்க் குழாய் எங்கே, வேறு யார் என்ன கிழமையில் உணவு கொடுக்கிறார்கள். அம்மா உணவகத்தில் 1 ரூபாய்க்கு இட்லியும் 5 ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் கிடைக்கும் நேரத்தில் நீங்கள் போய்க் கஞ்சி ஊற்றுவதில் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமையும் விசேஷ நாட்களும் தர்மம் செய்ய வருகிறவர்களால் நிரம்பிவிடும். பிறந்தநாள், நினைவுநாள் என்று வருகிறவர்களும் அந்த நாட்களைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். வார நடுவில், ராத்திரி வேளையில்தான் இடைவெளி தெரியும். இந்தக் கட்டுரையில் செவ்வாய்க்கிழமை மாலை என்று வைத்துக்கொள்வோம்; உங்கள் நோட்டு வேறு கிழமையைச் சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வாரம் அனுமதிக் கடிதம். சபையின் அல்லது பங்கின் முகப்புத்தாளில், ஆயர் அல்லது பங்குத்தந்தை கையெழுத்துடன், டீன் அலுவலகத்துக்கு எழுதி, நிலைய மருத்துவ அலுவலரை நேரில் பாருங்கள். எல்லாரும் அவரை ஆர்.எம்.ஓ. என்றுதான் சொல்வார்கள். கடிதத்தில் ஐந்து விவரம் இருந்தால் போதும்: கிழமை, நேரம், எத்தனை பேருக்கு, என்ன உணவு, பொறுப்பாளர் இருவரின் போன் நம்பர். உள்ளே வேண்டாம் என்றால் வாக்குவாதம் செய்யாமல், வெளியே எங்கே நிற்கலாம் என்று அவர்களையே கேளுங்கள். எங்கே நின்றாலும் 108 வண்டி திரும்பும் வழியில் வரிசை வளரக் கூடாது. பொதுமக்களுக்கு உணவு பங்கிடுகிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். மதக் கூட்டங்களிலும் சமூகக் கூட்டங்களிலும் பங்கிடுவதற்கும் இது பொருந்தும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அதன் நகலை நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். யாராவது கேட்டால் தேட வேண்டியிருக்காது.

பிடியரிசி: டப்பாவும் கணக்கும்

அரிசியைக் கடையில் மொத்தமாக வாங்கிவிடலாம், யாராவது ஒருவர் மூட்டையாகவே கொடுக்கவும் கூடும். அப்படிச் செய்ய வேண்டாம் என்பதே எங்கள் திடமான கருத்து. உலை வைக்கும்போது வீட்டு அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியே போடும் பழக்கம் தென் மாவட்டச் சபைகளில் பாட்டிமார் காலத்திலிருந்து இருக்கிறது. கிறிஸ்தவர்களிடம் மட்டும் உள்ள பழக்கமும் அல்ல. காமராஜர் படித்த விருதுநகர்ப் பள்ளி ஊரார் போட்ட பிடியரிசியால் நடந்தது. தினமும் இரண்டு வேளை ஒரு வீட்டுப் பெண்ணோ, ஆணோ, பிள்ளையோ அந்த டப்பாவைத் திறக்கிறார்கள். செவ்வாய்க்கிழமைக் கஞ்சி அந்த வீட்டுச் சமையலறையில் தினமும் நினைக்கப்படுகிறது. மூட்டை கொடுத்தவர் அன்றைக்கே மறந்துவிடுவார்.

கணக்கு இப்படி வரும். நடுத்தரமான ஒரு கையின் பிடி 35 கிராம் அளவு. உங்கள் பிடியை ஒரு முறை எடை போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 2 பிடி என்றால் 70 கிராம், மாதத்துக்கு 2 கிலோவுக்குச் சற்று மேல். 12 வீட்டிலிருந்து மாதம் 24 முதல் 25 கிலோ சேரும். வாரம் ஒரு கஞ்சிக்கு 3.5 கிலோ. நான்கு வாரம் என்றால் 14, ஐந்து செவ்வாய் வரும் மாதத்தில் 17.5. மிச்சம் 6.5 முதல் 11 கிலோ வரை நிற்கும். அதைச் சேர்த்துவைக்காமல் அந்தந்த மாதமே தெருவில் தனியாக இருக்கும் வயதானவர்கள் இரண்டு மூன்று பேர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

டப்பா 3 கிலோ கொள்ளளவில், மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். வீட்டு அரிசிப் பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். அலமாரி மேல் வைத்த டப்பா நிரம்பாது. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை எல்லா டப்பாவும் ஒரே வீட்டில் சேரட்டும்.

அங்கேதான் முதல் சிக்கல் வரும். ஒரு வீட்டில் பொன்னிப் புழுங்கல், இன்னொரு வீட்டில் பச்சரிசி, வேறொன்றில் ரேஷன் அரிசி, யாரோ ஒருவர் இட்லி அரிசியையும் போட்டிருப்பார். எல்லாவற்றையும் கலந்து உலையில் போட்டால் பச்சரிசி குழைந்து கரையும்போது இட்லி அரிசி பல்லில் கடிபடும். இதற்கு இரண்டு வேலை செய்ய வேண்டும். ஆரம்பத்திலேயே பச்சரிசிக்குத் தனி டப்பா என்று சொல்லிவிடுங்கள். சேர்ந்த புழுங்கலைப் புடைத்து, கல் பொறுக்கி, மாவு மில்லில் கொடுத்து நொய்யாக உடைத்து வாங்குங்கள். "ரவை பதம் வேண்டாம், ஒரு அரிசி நாலாக உடையட்டும்" என்று மில்காரரிடம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மாவாகவே அரைத்துத் தந்துவிடுவார், அந்த மாவில் கஞ்சி களியாகிவிடும். நொய்யாக்கிய பிறகு எந்த அரிசியும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெந்துவிடும். பச்சரிசி நொய்யைக் கடைசி 10 நிமிடத்தில் சேர்த்தால் போதும்.

நொய்யில் வண்டு சீக்கிரம் விழும். ஆகவே ஒரு மாதத்துக்கு மேல் உடைத்து வைக்காதீர்கள். நிழலில் ஆற வைத்து, நன்றாகக் காய்ந்த வேப்பிலையோ ஐந்தாறு மிளகாய் வற்றலோ போட்டு மூடுங்கள். மில்லிலிருந்து வந்த சூட்டோடு டப்பாவில் அடைத்தால் உள்ளே வேர்த்து, ஒரு வாரத்தில் பூசண வாடை வரும். அந்த வாடை வந்த அரிசியைக் கழுவி உபயோகிக்கக் கூடாது, கொட்டிவிட வேண்டும். தர்மத்துக்குத்தானே என்று சுமாரான அரிசியைப் போடும் மனம் எல்லாக் குழுவிலும் ஒருவருக்காவது இருக்கும். நம் வீட்டுப் பானையில் போடும் அரிசியைத்தான் இந்தப் பிடியிலும் போட வேண்டும் என்பதை முதல் கூட்டத்திலேயே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

60 பேருக்குக் கஞ்சி

ஒருவருக்கு அரை லிட்டர் கணக்கில் 60 பேருக்கு 30 லிட்டருக்குச் சற்று மேல் வேண்டும். தேவையானவை:

நொய் 3.5 கிலோ
சிறுபருப்பு 750 கிராம்
வெந்தயம் 40 கிராம்
உரித்த பூண்டு 150 கிராம்
இஞ்சி 100 கிராம்
சீரகம் 40 கிராம்
உப்பு முதலில் 150 கிராம், ருசி பார்த்து இன்னும் 50 கிராம் வரை
தண்ணீர் 30 லிட்டர், தனியாகக் கொதிக்க வைத்தது இன்னும் 5 லிட்டர்

45 லிட்டர் பிடிக்கும் அடிகனமான அண்டா ஒன்று வேண்டும். வாங்குவதானால் வெங்கலக்கடைத் தெருவில் பார்க்கலாம். முதல் மூன்று மாதம் வாடகைப் பாத்திரமே போதும். பருப்பு, வெந்தயம், சீரகத்தை மாதத்துக்கு ஒருமுறை கீழமாசி வீதியில் மொத்தமாக எடுத்தால் தெருக்கடையைவிட மலிவு.

மாலை 3.30-க்கு வெந்தயத்தையும் பருப்பையும் கழுவி ஊறப்போட்டு, அண்டாவில் 30 லிட்டர் தண்ணீரை ஏற்றிவிடுங்கள். பெரிய பர்னர் ஒற்றை அடுப்பில் அது கொதிக்க முக்கால் மணி நேரமாவது ஆகும். வீட்டு கேஸ் அடுப்பில் 30 லிட்டரைக் கொதிக்க வைக்கப் பார்த்தால் ஆறு மணிக்கும் ஆவி வராது. தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு முதலில் பருப்பும் வெந்தயமும், 15 நிமிடம் கழித்து நொய்யும் பூண்டும், நசுக்கிய இஞ்சியும் சீரகமும். நொய்யை ஒரே கொட்டாகக் கொட்டினால் அடியில் கட்டியாக உட்காரும். ஒருவர் கை கையாகத் தூவ, இன்னொருவர் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதன் பிறகு 25 நிமிடம் நடுத்தரத் தீ. உப்பு இறக்கும் முன்புதான்.

அடிப்பிடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பருப்பு. கனம் அதிகம் என்பதால் அடியில் படிந்து, அங்கேயே கருகும். நீளக் கைப்பிடி உள்ள மரத்துடுப்பால் அடியைத் தொட்டு, ஓரத்திலிருந்து நடுவுக்கு வழித்து வழித்துக் கிண்ட வேண்டும். மேலாகச் சுற்றிச் சுற்றிக் கலக்குவதில் ஒன்றும் நடக்காது. துடுப்பு அடியில் வழுக்கிப் போகும்வரை சரி. லேசாகப் பிடித்து இழுக்கிற மாதிரி தெரிந்தால் உடனே தீயை அணைத்து, சுரண்டாமல், மேலே உள்ளதை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். சுரண்டிவிட்டால் கருகல் வாடை 30 லிட்டருக்கும் ஏறிவிடும், எதைச் சேர்த்தாலும் போகாது. ரமலானில் நோன்புக் கஞ்சி காய்ச்சிப் பழகிய பெரியவர்கள் கோரிப்பாளையத்திலும் மற்ற பள்ளிவாசல் பகுதிகளிலும் இருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான பேருக்குக் கிண்டிய கை அது. ஒரு நாள் போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தால், எழுத்தில் சொல்ல முடியாதது புரியும்.

தேங்காய்ப்பால் ஊற்றினால் ருசிதான். ஆனால் பங்குனி முதல் ஆனி வரை மதுரை வெயிலில் அது வேண்டாம். சீக்கிரம் புளிப்புத் தட்டும். மற்ற மாதங்களிலும் இறக்கும் தறுவாயில் ஊற்றி ஒரு கொதியோடு இறக்குங்கள்.

தொட்டுக்கொள்ள ஆளுக்கு ஒரு உருண்டை கொள்ளுத் துவையல். 600 கிராம் கொள்ளைச் சிவக்க வறுத்து, 20 மிளகாய் வற்றல், எலுமிச்சை அளவு புளி உருண்டை இரண்டு, ஒரு கை பூண்டு, உப்பு சேர்த்துக் கெட்டியாக அரைத்தால் 60 பேருக்கு வரும். தேங்காய் சேர்க்காததால் மாலை முழுதும் நிற்கும்.

சமைப்பவர் கையில் புண், வயிற்றுப்போக்கு, சளி இருந்தால் அன்று அவர் அடுப்புப் பக்கம் வர வேண்டாம், கணக்கு எழுதட்டும். சமைத்த உணவு 60 டிகிரி சூட்டுக்குக் கீழே இறங்கி இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் கிருமி பெருகும். ஆஸ்பத்திரி வாசலில் ஒருவருக்கு நம் கஞ்சியால் வயிற்றோட்டம் வந்தால் அதைவிட வேதனை வேறில்லை. சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, இறக்கும்போதும் முதல் ஆளுக்கு ஊற்றும்போதும் சூட்டைப் பார்த்து நோட்டில் எழுதுங்கள்.

கொண்டுபோக 20 லிட்டர் பிடிக்கும், சூடு தாங்கும் எவர்சில்வர் கேன் இரண்டு வேண்டும். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் அடிக்கடி செய்யும் தப்பு, குழாய் வைத்த டீ கேனை வாங்கிவிடுவது. முதல் ஐந்து பேருக்கு ஊற்றுவதற்குள் ஒரு பூண்டுப் பல் குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். அதைக் குத்திவிட ஆள் தேட, வரிசை நிற்க, கஞ்சி ஆறும். அகலவாய் கேன்தான் சரி. கஞ்சி ஊற்றும் முன் கேனில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்துக் கொட்டிவிட்டால் சூடு நெடுநேரம் நிற்கும். போகும் வழியில் கஞ்சி இறுகும். தனியே எடுத்துப்போகும் 5 லிட்டர் கொதிநீர் அதை இளக்கத்தான். பச்சைத் தண்ணீரை ஊற்றி இளக்கக் கூடாது.

வரிசையில்

6.15-க்கு அங்கே இருக்க வேண்டும். சொன்ன நேரத்துக்கு 20 நிமிடம் தாமதித்தால் பாதிப் பேர் வார்டுக்குத் திரும்பிவிடுவார்கள், நோயாளியை நெடுநேரம் தனியே விட முடியாது.

நான்கு பேர் போதும். ஒருவர் கால் லிட்டர் கரண்டியால் ஊற்ற, ஒருவர் துவையல், ஒருவர் வரிசையைப் பார்க்க, ஒருவர் பாத்திரம் கழுவ. பெரும்பாலானோர் தூக்குவாளியோ கிண்ணமோ கொண்டுவருவார்கள். இல்லாதவர்களுக்கு 30 எவர்சில்வர் கிண்ணம் எடுத்துச் செல்லுங்கள். பிளாஸ்டிக் கப்பும், உள்ளே பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. கழுவ மூன்று வாளி: சோப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர், வெந்நீர்.

ஊற்றும்போது கண்ணைப் பார்த்து, "வாங்கக்கா, சூடா இருக்கு, பாத்துப் பிடிங்க" என்று சொல்லி ஊற்றுங்கள். கரண்டியை உயரத் தூக்கி ஊற்றினால் கை சுடும். கிண்ணத்துக்குள் கரண்டியின் வாயை இறக்கி ஊற்ற வேண்டும். இரண்டாம் முறை வருகிறவரைக் கேள்வி கேட்காதீர்கள், அவர் கேட்கக் கூசித்தான் வந்திருப்பார். இரண்டாம் கேன் பாதியாகும்போது வரிசையில் தலையை எண்ணி, வராது என்று தெரிந்தால் பின்னால் நிற்பவர்களிடம் அப்போதே போய்ச் சொல்லிவிடுங்கள். காத்திருந்து, கரண்டி அடி தட்டும் சத்தத்தைக் கேட்டுத் திரும்புவது பெரிய அவமானம். அதற்காகவே 15 பேருக்குப் பன்னும் வாழைப்பழமும் தனிப் பையில் இருக்கட்டும். மிஞ்சினால் காவலாளிகளுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் அங்கேயே கொடுங்கள். மறுநாளுக்கு எடுத்துவைக்கக் கூடாது.

மிக முக்கியமான ஒன்று: இந்தக் கஞ்சி கூட இருப்பவர்களுக்கு. "உள்ள படுத்திருக்காரு, அவருக்கும் கொஞ்சம் ஊத்துங்க" என்று கேட்டால், "சிஸ்டர்கிட்ட கேட்டீங்களாம்மா?" என்று கட்டாயம் கேளுங்கள். ஆபரேஷனுக்கு முன் வயிறு காலியாக இருக்க வேண்டும். மயக்க மருந்து கொடுத்திருக்கும்போது வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பாசத்தில் ஊட்டிய ஒரு டம்ளர் கஞ்சியால் ஆபரேஷன் தள்ளிப்போனால், அந்தக் குடும்பம் இன்னும் சில நாள் அங்கேயே கிடக்க வேண்டும். சிறுநீரக நோயாளிக்கு உப்பும், சர்க்கரை நோயாளிக்கு அளவும் உண்டு. சிஸ்டர் சரி என்றால் மட்டுமே.

கஞ்சியோடு கைப்பிரதி கொடுக்க வேண்டாம், ஊற்றும் முன் ஜெபத்துக்கு நிறுத்த வேண்டாம், பேனர் வேண்டாம். ஜெபம் ஆலயத்திலேயே, அடுப்பு பற்றவைக்கும்போதே முடிந்துவிடட்டும். பசியோடு நிற்பவர் கரண்டி பிடித்திருப்பவரிடம் எதற்கும் வேண்டாம் என்று சொல்லமாட்டார். அந்த நிலையை நாம் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது. எந்தச் சபை என்று அவர்களாகக் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். போட்டோவும் வேண்டாம். கையேந்தி நிற்கும் முகத்தை வாட்ஸ்அப்பில் போட்டால், அது அவருடைய ஊருக்கு அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்.

வார்டுக்குள் அரை மணி நேரம்

"வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்" என்கிறது மத்தேயு 25. சுகமாக்குவது நம் கையில் இல்லை. விசாரிப்பது இருக்கிறது. அதைச் சரியாகச் செய்யப் பழக வேண்டும்.

பார்வையாளர் நேரத்தில் மட்டும், இருவர் இருவராக, ஒரு கட்டிலுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் போகாமல். சளி இருப்பவர் போகக் கூடாது. நுழையும்போதும் வெளியே வரும்போதும் கை கழுவுங்கள். கட்டிலில் உட்காராதீர்கள், குளுக்கோஸ் குழாயை இடிக்காத பக்கம் நில்லுங்கள். பிரசவ வார்டுக்குப் பெண்கள் மட்டும். தீவிர சிகிச்சைப் பிரிவு, தீக்காயப் பிரிவு பக்கம் போகவே வேண்டாம். அங்கே வெளியாள் கொண்டுபோகும் கிருமி ஒரு உயிரை எடுத்துவிடும்.

"என்ன வியாதி?" என்று ஆரம்பிக்காதீர்கள். பக்கத்துக் கட்டிலுக்குத் தெரிய வேண்டாம் என்று அவர் நினைக்கலாம். "எந்த ஊரும்மா? கூட யாரும் இருக்காகளா? ராத்திரி யாரு பாத்துக்கிறா?" என்று கேட்டாலே வேண்டியதெல்லாம் வந்துவிடும். கேட்பது அதிகம், பேசுவது குறைவு. "எல்லாம் சரியாகிவிடும்" என்று உறுதி சொல்லாதீர்கள். மாத்திரையை நிறுத்து, விசுவாசித்தால் போதும் என்று சொல்கிற ஒருவரை எந்தக் காரணத்துக்காகவும் வார்டுக்குள் அனுப்பாதீர்கள். ஜெபிக்கச் சொல்லி அவரே கேட்டால், பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில் ஒரு நிமிடம் ஜெபியுங்கள்.

விசாரித்தால் வேலை வரும். பாதி வேலை காகிதம்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. அட்டை இல்லாதவர்கள் ஆதார், ரேஷன் கார்டு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற வி.ஏ.ஓ. சான்று ஆகியவற்றோடு விண்ணப்பிக்க வேண்டும். அவசரத்தில் கிளம்பி வந்தவரிடம் இவற்றில் ஒன்றாவது ஊரிலேயே இருக்கும். ஊரில் இருக்கும் உறவினருக்குப் போன் போட்டு, வாட்ஸ்அப்பில் படம் வாங்கி, பிரிண்ட் எடுத்து, சரியான கவுன்ட்டரைக் காட்டி, அசல் எப்போது யார் கொண்டுவர வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது பெரிய உதவி. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஸ்கேன் சீட்டில் எந்த அறை, எந்த மாடி என்று படித்துச் சொல்வதும் ஊழியம்தான். ஒரு மல்ட்டிபிள் சார்ஜர் கொண்டுபோங்கள்; போன் அணைந்து ஊரோடு தொடர்பு அறுந்தவர்கள் வார்டுக்கு இருவராவது இருப்பார்கள்.

ரத்தத்துக்கு ஆள் தேடுபவர்களையும் பார்ப்பீர்கள். உங்கள் சபையில் கொடுக்கத் தகுதியுள்ளவர்களின் பட்டியல் முன்பே தயாராக இருக்கட்டும்: வயது 18 முதல் 65 வரை, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையாமல். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். பெயருக்கு எதிரே ரத்த வகையும் கடைசியாகக் கொடுத்த தேதியும் வேண்டும். தேதி இல்லாத பட்டியலை வைத்து ராத்திரி பத்து மணிக்கு இருபது பேரை எழுப்பி ஒருவரும் கிடைக்காமல் போகும்.

இறப்பு நேர்ந்தால், உடலை ஊருக்குக் கொண்டுபோக அரசின் இலவச அமரர் ஊர்தி இருப்பது பலருக்குத் தெரியாது. அந்த நேரத்தில் அவர்களைச் சுற்றிப் பேரம் பேச ஆள் கூடிவிடும். பக்கத்தில் நின்று, அதற்கு ஏற்பாடு செய்து, வண்டி வரும்வரை இருங்கள்.

பணம் கொடுப்பதை முதல் ஆண்டு முழுதும் தவிர்த்துவிடுங்கள். யார் உண்மை என்று பிரிக்க உங்களுக்கு இன்னும் பழக்கமில்லை, ஒருவருக்குக் கொடுத்த செய்தி வார்டு முழுக்கப் பரவும், அடுத்த வாரம் விசாரிப்பு நின்று விண்ணப்பம் வாங்குவதாகிவிடும்.

யார் எதைச் செய்வது, காசு எங்கே இருப்பது

12 குடும்பத்தை நான்கு நான்காக மூன்று அணியாகப் பிரித்தால் ஒரு குடும்பத்துக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் முறை வரும். பருப்பு, கேஸ், கொள்ளு, பன், ஆட்டோ எல்லாம் சேர்த்து மாதம் குடும்பத்துக்கு 200 ரூபாய் அளவில் ஒதுக்கினால் ஓரளவு சரியாக இருக்கும். பணம் தனியார் போனில் ஜிபே ஆக வேண்டாம். நல்லவரிடம்தான் இருக்கிறது என்றாலும் ஆறாம் மாதத்தில் பேச்சு வரும். சபைக் கணக்கில் தனித் தலைப்பு, எடுக்க இரண்டு கையெழுத்து, மாதக் கடைசியில் ஆலய அறிவிப்புப் பலகையில் வரவு செலவு. வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரிய வேண்டாம் என்ற வசனம் கொடுப்பவரின் பெருமைக்குச் சொன்னது. பொதுப்பணத்தின் கணக்கு எல்லாக் கைக்கும் தெரிய வேண்டும்.

இன்னொன்று, சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் சொல்ல வேண்டியது. நம் பக்கத்துச் சபைகளில் சாதி ஆலய வாசலோடு நின்றுவிடுவதில்லை. விட்டுவைத்தால், கரண்டி பிடிப்பது ஒரு தெருக்காரர்களாகவும், பாத்திரம் தேய்ப்பது இன்னொரு தெருக்காரர்களாகவும் தானாகவே பிரியும். பெண்கள் சமைப்பதும் ஆண்கள் வரிசையை மேற்பார்வை பார்ப்பதுமாகவும் பிரியும். ஆகவே அண்டா கழுவும் முறையை முதல் நாளே பெயர் போட்டு எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அந்தப் பட்டியலின் முதல் வரியில் சபையின் மூப்பர் பெயரோ பொருளாளர் பெயரோ இருக்கட்டும். யாராவது "அவர் கழுவ வேண்டாம், நாங்க கழுவிடுறோம்" என்று ஓடிவந்தாலும் விடாதீர்கள்.

ஆண்டில் இடறும் வாரங்கள்

சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவையும் அழகர் ஆற்றில் இறங்கும் நாளும் வந்தால் தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் வண்டி நகராது. அந்த வாரம் தேதியை முன்பே பார்த்து, கஞ்சியை விட்டுவிட்டு நடந்தே பன்னும் பழமும் கொண்டுபோகலாம். ஐப்பசி மழைக்குத் தார்ப்பாய் ஒன்றும் கட்டக் கயிறும் கேனோடு கிடக்கட்டும். மார்ச்சில் பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று இரண்டு அணி ஒன்றாகக் கழன்றுகொள்ளும். பிள்ளைகள் இல்லாத, பிள்ளைகள் வளர்ந்துவிட்ட குடும்பங்கள் அணிக்கு ஒன்றாவது இருக்கும்படி முன்பே பிரித்திருந்தால் தப்பிக்கலாம். கிறிஸ்துமஸ் வாரம் கேக்கும் புடவையும் கொண்டு எல்லாரும் வருவார்கள், உங்கள் வரிசை குறையும். ஜனவரி கடைசியில் ஒருவரும் வரமாட்டார்கள், வரிசை நீளும். அந்த வாரங்களுக்கு நொய் 4 கிலோவாக எடுங்கள். தண்ணீரும் 4 லிட்டர் கூடும்.

எந்தச் செவ்வாயும் முடியாது என்று தெரிந்தால், முந்தின செவ்வாயே வரிசையில் சொல்லிவிடுங்கள், காவலாளியிடமும் சொல்லிவையுங்கள்.

8 மணிக்குத் திரும்பியதும் கேன்களில் உடனே வெந்நீர் ஊற்றி வையுங்கள். காய்ந்த கஞ்சி காலையில் உளியால்தான் வரும். மூடியில் உள்ள ரப்பர் வளையத்தைக் கழற்றித் தனியே தேய்க்க வேண்டும், அதன் அடியில் ஒட்டும் பருக்கைதான் அடுத்த வாரம் புளித்த வாடை கொடுப்பது. அண்டாவைக் கவிழ்த்து, துடுப்பை வெயில் படும் ஜன்னலில் நிறுத்தி, நோட்டில் நான்கு வரி: எத்தனை பேர், சூடு எத்தனை, எது குறைந்தது, வார்டில் யாருக்கு எந்தக் காகிதம் பாக்கி. நோட்டும் சாவியும் அன்று ராத்திரியே அடுத்த அணியின் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும்.